உப்புக் காற்றில் எந்தக் கமரா வாழும்?

ஒளி பிடித்த பெட்டிகள் – 9

சென்ற வாரம் ஸெனிட்-ஈ கமராவைப் பற்றி எழுதினேன். அதன் பின் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒன்றையேதான் கேட்டன: "பழைய பிலிம் கமரா ஒன்று வாங்க ஆசை. எந்தக் கொம்பனியின் கமரா நல்லது?" கேட்டவர்களில் பலர் திருகோணமலை, வாழைச்சேனை, கல்முனைப் பக்கத்தவர்கள். கொம்பனியின் பெயரில் தொடங்கினால் இதற்குச் சரியான பதில் கிடைக்காது. அந்தக் கமரா எந்த ஊர்க் காற்றில் இருக்கப்போகிறது, நீங்கள் அதை அடிக்கடி கையில் எடுப்பீர்களா என்ற இடத்தில் தொடங்க வேண்டும். இதை விளங்கப்படுத்த மூதூரை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியாது.

கொட்டியாரக்குடாவின் தென்கரையில் இருக்கிறது மூதூர். குடாவுக்கு அப்பால் வடக்கே திருமலைத் துறைமுகம். மகாவலி கங்கை கடலில் விழுவது இந்தக் குடாவில்தான். முன்னால் உப்புத் தண்ணீர், பின்னால் ஆறும் வில்லும் வயலும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வாயெல்லாம் காயும். ஐப்பசியில் மாரி பிடித்தால் தை வரைக்கும் சுவரே வியர்க்கும். அலுமாரிக்குள் இருக்கும் தோல் செருப்பில் வெள்ளை படர்ந்திருப்பதை இந்த ஊரில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். லென்ஸுக்குள்ளும் அதே வெள்ளைதான் வளர்கிறது. நாங்கள் பூஞ்சணம் என்போம். ஸ்டூடியோக்காரர்கள் பங்கஸ் என்பார்கள்.

அதன் வித்துகள் எல்லாக் காற்றிலும் உண்டு. எந்த லென்ஸுக்குள்ளும் போய்ச் சேர்ந்துதான் இருக்கும். காற்றின் ஈரப்பதன் 70 வீதத்துக்கு மேல் பல நாட்கள் நின்று, இருட்டும் சேர்ந்து, காற்றோட்டமும் இல்லாமற்போனால் அவை முளைக்கும். கண்ணாடியில் ஒட்டிய தூசும் உள்ளே இருந்து கசியும் எண்ணெயும் அவற்றுக்குச் சாப்பாடு. வளரும்போது அமிலத்தை வெளிவிடும். அந்த அமிலம் முதலில் லென்ஸின் மேற்பூச்சை அரிக்கும், பிறகு கண்ணாடியையே அரிக்கும். பூஞ்சணத்தைத் துடைத்தெடுத்தாலும் அரித்த தடம் போகாது. விலைகூடிய பொருள் என்று துணியில் சுற்றி, தோலுறைக்குள் போட்டு, அலுமாரியின் அடித்தட்டில் பூட்டி வைக்கிறோமே, பூஞ்சணம் கேட்கிற இருட்டும் ஈரமும் அசையாத காற்றும் அங்கேதான் ஒன்றாகக் கிடைக்கின்றன. தோலுறை இன்னும் மோசம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல உள்ளே விடும். பழைய கமரா வாங்குகிறவர்கள் தோலுறையோடு வந்தால் மகிழ்கிறார்கள். உறையை வைத்துக்கொள்ளுங்கள், கமராவை அதற்குள் வைக்காதீர்கள்.

மூதூரில் பழைய ஸ்டூடியோக்காரர் ஒருவர் வீட்டில் யஷிக்கா மாட்-124ஜி ஒன்று இருக்கிறது. 1970இல் இருந்து 1986 வரை யப்பானில் தயாரான இரட்டை லென்ஸ் கமரா. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. 120 பிலிமில் 12 சதுரப் படங்கள் விழும். 1972இல் தேசிய அடையாள அட்டை வந்த பிறகு எங்கள் பக்கத்து ஸ்டூடியோக்களுக்குச் சோறு போட்டவை இந்த மாதிரிக் கமராக்கள்தான். அட்டைப் படம், பாஸ்போட் படம், பரீட்சைக்குப் படம், கலியாண வீட்டுப் படம் எல்லாம் அந்த இரண்டு கண்களுக்கு முன்னால்தான் நடந்தன.

"காக்கா, இத கடைசியா எப்ப பாவிச்சீங்க?" என்று கேட்டேன்.

"டிஜிட்டல் வந்த பொறகு தொடல்ல தம்பி. 2006ல ஊர உட்டு ஓடக்குள்ள சாரன்ல சுத்திக்கிட்டு போன. திரும்பி வந்து அலுமாரில வெச்சதுதான்."

பார்க்கலாமா என்றேன். எடுத்துத் தந்தார். பழைய கமரா ஒன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை அந்த மேசையில் நடந்ததைக் கொண்டே சொல்லிவிடலாம்.

முதலில் பின்கதவைத் திறந்தோம். செக்கன் வளையத்தை 'பி'யில் வைத்தோம். பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை செட்டர் திறந்தே நிற்கும். லென்ஸின் துவாரத்தை முழுதாகத் திறந்து, முன்னால் இருந்து டோர்ச் வெளிச்சத்தை நேராக அடிக்காமல் சாய்த்து அடித்தார். நான் பின்னால் இருந்து பார்த்தேன். நேராக அடித்தால் எந்த லென்ஸும் பளிச்சென்றுதான் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். கீழ் லென்ஸின் விளிம்பில் இரண்டு மெல்லிய இழைகள், சிலந்தி நூல் மாதிரி, நடுவை நோக்கிக் கிளைவிட்டிருந்தன. மேல் லென்ஸில் பாதிக்கு மேல் மூடியிருந்தது. மேல் லென்ஸ் பார்ப்பதற்கு மட்டும் என்பதால் அதில் எவ்வளவு இருந்தாலும் படத்துக்குப் பாதிப்பில்லை, பார்க்கிற திரைதான் மங்கும். கீழ் லென்ஸின் விளிம்பு இழைகளும் துவாரத்தைச் சற்றுச் சுருக்கினால் படத்தில் தெரியாது. நடுவில் இருந்தால் கதை வேறு. வெயிலுக்கு எதிரே படம் எடுத்தால் புகைமூட்டம் போல வெளிச்சம் பரவிவிடும்.

இழையாக இல்லாமல் கண்ணாடி முழுவதும் பால்போல மங்கியிருந்தால் அது பூஞ்சணம் அல்ல, பழைய எண்ணெய் ஆவியாகிப் படிந்தது. தெரிந்தவர் கழற்றித் துடைத்தால் போய்விடும். விளிம்பில் வானவில் நிறத்தில் வளையம் தெரிந்தால் இரண்டு கண்ணாடிகளை ஒட்டியிருந்த பசை பிரிகிறது என்று அர்த்தம். அதைத் திருத்துகிற செலவுக்கு இன்னொரு லென்ஸ் வாங்கலாம். முன் கண்ணாடியில் இருக்கும் சிறு கீறலுக்குப் பயந்து பலர் நல்ல லென்ஸை விட்டுவிடுகிறார்கள். கீறல் படத்தில் பெரும்பாலும் தெரியாது. வாங்குகிறபோது பயப்பட வேண்டியது உள்ளே இருப்பதற்குத்தான்.

பிறகு செக்கன்களைக் காதால் கேட்டோம். ஒரு செக்கனில் வைத்து அழுத்தினால் உள்ளே சிறு பற்சக்கரங்கள் ஓடும் சத்தம் ஒரே சீராகக் கேட்க வேண்டும். காக்காவின் யஷிக்காவில் அது நடுவழியில் திணறி நின்று, பிறகுதான் மூடியது. பழைய கிறீஸ் இறுகியிருக்கிறது. பயப்படத் தேவையில்லை. 125இல் ஒரு பங்கு செக்கன், 250இல் ஒரு பங்கு, 500இல் ஒரு பங்கு மூன்றும் சுருக்கென்று போயின. பகல் வெளிச்சத்தில் எடுக்க அந்த மூன்றும் போதும். ஒளிமானி செத்திருந்தது. அதற்குப் போடும் 1.35 வோல்ற் பாதரசப் பற்றரி இப்போது தயாரிப்பிலேயே இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ற் பற்றரியைப் போட்டால் ஊசி அசையும், ஆனால் பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடும் 675 வகைப் பற்றரி ஏறக்குறைய 1.4 வோல்ற் தரும். சிறு வளையம் ஒன்றைச் சுற்றிப் போட்டுப் பலர் சமாளிக்கிறார்கள்.

அப்போது காக்கா சொன்னதுதான் நான் இந்த வாரம் சொல்ல வந்தது.

"ஸ்டூடியோ நடக்கக்குள்ள இதுல ஒரு பங்கஸ் வரல்ல தம்பி. இருவது வருசத்துக்கு மேல, ஒருநாளும் வரல்ல. காலைல எடுத்தா ராவைக்குத்தான் வெக்கிற. மாரியில பிஸ்கட் டின்னுக்குள்ள வறுத்த அரிசியத் துணில முடிஞ்சி வெப்பன். பாவிக்காம வெச்ச பொறகுதான் எல்லாம் வந்த."

கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில், அதே ஊரில், அதே கமரா. வேலை செய்த காலம் முழுக்கச் சுகமாக இருந்தது. ஓய்வு கொடுத்த பிறகு நோய் பிடித்தது. திறந்து மூடுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே காற்று மாறுகிறது, கண்ணாடி வெளிச்சம் காண்கிறது, கிறீஸ் இறுகாமல் ஓடுகிறது. எங்கள் கரையில் பழைய கமராவுக்கு முதல் மருந்து பாவனைதான். சிலிக்கா ஜெல்லும் காற்றுப்புகாத பெட்டியும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. இரண்டையும் வைத்திருங்கள். இறப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, அதற்குள் சிலிக்கா ஜெல். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் சட்டியில் போட்டு மெல்லிய நெருப்பில் சூடாக்குங்கள், ஈரம் போய்த் திரும்ப நீலமாகும். சமைக்கிற சட்டியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். சிலிக்கா ஜெல் கிடைக்காவிட்டால் காக்காவின் வறுத்த அரிசி. பொன்னிறம் தாண்டி நன்றாகச் சிவக்கும்வரை வறுத்த அரிசி ஈரத்தை இழுக்கும், அது வெறும் கைவைத்தியம் அல்ல. வெயிலும் உதவும். லென்ஸைக் கமராவில் இருந்து கழற்றி, இரண்டு மூடிகளையும் எடுத்துவிட்டு, இடைக்கிடை காலை வெயிலில் வைத்தால் முளைக்கத் தொடங்கும் பூஞ்சணம் மேலே வளராது.

அப்படியானால் எதை வாங்குவது? தினமும் பாவிக்கக்கூடியதை வாங்க வேண்டும். எங்கள் ஊர்களில் தினமும் பாவிப்பதற்குப் பற்றரி தடையாக இருக்கக்கூடாது. 1976இல் வந்த கனன் ஏஇ-1 அழகான கமரா, கோடிக்கணக்கான படங்களை எடுத்துத் தந்த கமரா. ஆனால் அதன் 6 வோல்ற் பற்றரி செத்தால் செட்டரே அசையாது. அதே 1976இல் வந்த பென்டாக்ஸ் கே1000இல் பற்றரி ஒளிமானிக்கு மட்டும்தான். பற்றரியே இல்லாமல் அத்தனை செக்கன்களும் ஓடும். 1997 வரைக்கும் 30 இலட்சத்துக்கு மேல் செய்தார்கள், அதனால் உதிரிப் பாகமும் அதிகம் திண்டாட்டமில்லை. 1977இல் வந்த நிக்கோன் எஃப்எம், 1982இல் வந்த எஃப்எம்2 இரண்டும் அப்படியே. சென்ற வாரம் சொன்ன ஸெனிட்-ஈ இன்னும் ஒருபடி மேல். அதற்குப் பற்றரிப் பெட்டியே கிடையாது, செலீனியம் ஒளிமானி வெளிச்சத்திலேயே ஓடும். வடக்கில் பென்டோர்ச் பற்றரிகூடத் தடைப்பட்ட பொருளாக இருந்த காலத்தை வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமையை நான் சொல்லித் தரத் தேவையில்லை.

ஒளிமானி இல்லாவிட்டாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. தெளிந்த வெயிலில், துவாரம் எஃப் 16, செக்கன் பிலிமின் வேகத்தில் ஒரு பங்கு. 100 வேகப் பிலிமானால் 125இல் ஒரு பங்கு, 400 ஆனால் 500இல் ஒரு பங்கு. மூதூர் இறங்குதுறையிலோ சம்பூர்க் கடற்கரையிலோ மணலும் கடலும் வெயிலைத் திருப்பி அடிக்கும், அங்கே எஃப் 22. மெல்லிய முகில் என்றால் எஃப் 11, மூடிய வானம் என்றால் எஃப் 8, வேப்பமர நிழல் என்றால் எஃப் 4. இதைப் பாடமாக்கிக்கொண்டு ஒரு றோல் எடுத்துப் பாருங்கள். நிறப் பிலிம் சற்று அதிக வெளிச்சத்தைத் தாராளமாகத் தாங்கும், குறைவைத்தான் தாங்காது. சந்தேகம் வந்தால் ஒரு படி திறந்து எடுங்கள்.

லென்ஸ் வாங்குவதில் ஒரு வசதி உண்டு. 1949 அளவில் கிழக்கு ஜேர்மனியில் தொடங்கிய எம்42 திருகு வாய், ஸெனிட், பிறக்டிக்கா, பழைய பென்டாக்ஸ் எல்லாவற்றுக்கும் பொது. ஒரு கமரா செத்தால் அதன் லென்ஸ் இன்னொன்றில் பிழைக்கும். ஸெனிட்டோடு வரும் 58 மி.மீ. ஹீலியோஸ் 44-2, ஸைஸின் பியோட்டார் லென்ஸைப் பார்த்துச் செய்தது. பின்னணியைச் சுழற்றிக் காட்டும் அதன் குணத்துக்காக இன்று உலகமெங்கும் தேடுகிறார்கள். பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் ஒன்று மஞ்சள் பிடித்துக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அதன் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது, வயது போக மஞ்சளிக்கும். எங்கள் வெயிலில் சில நாட்கள் வைத்தால் அந்த மஞ்சள் தெளிந்துவிடும். குளிர்நாட்டுக்காரர்கள் இதற்கு விசேட விளக்கு வாங்குகிறார்கள்.

லைக்காவைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. இந்த நாட்டில் அந்தப் பெயருக்கு ஒரு மவுசு உண்டு, காரணமும் உண்டு. 1900இல் பிறந்த லயனல் வென்ற் சட்டத்தரணி, பியானோக் கலைஞர், பிறகு உலகம் மதித்த புகைப்படக்காரர். ரோலிபிளெக்ஸும் லைக்காவும் அவருடைய கருவிகள். 1934இல் இலங்கைப் புகைப்படச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். 1938இல் லண்டனில் அவருடைய படங்கள் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன. 1944இல் 44 வயதில் இறந்தார். அவர் இறந்தபின் அவருடைய நெகட்டிவ்களை அழித்துவிட்டார்கள். இன்று நாங்கள் பார்ப்பதெல்லாம் அவர் தன் கையால் அச்சிட்டு வைத்த பிரதிகளில் தப்பியவைதான். ஒரு தீவின் ஒரு காலம் முழுவதும் அந்த நெகட்டிவ்களில் இருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அந்த மவுசை நம்பித்தான் போலி லைக்காக்களும் வருகின்றன. பொன்முலாம் பூசி, மரப்பிடி போட்டு, யுத்தகாலச் சின்னம் பொறித்து வரும் 'லைக்கா'வில் பெரும்பாலானவை சோவியத் நாட்டின் பெட் அல்லது ஸோர்க்கி. கார்கிவ் நகரில் 1934இல் இருந்து லைக்காவைப் பார்த்து பெட் செய்தார்கள். மொஸ்கோவுக்குப் பக்கத்துக் கிறஸ்னகோர்ஸ்க்கில் 1948இல் ஸோர்க்கி வந்தது. கண்டுபிடிக்க ஒரு வழி போதும். லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். தூரம் காட்டும் கருவியின் கை உண்மை லைக்காவில் சிறிய உருளையில் முடியும், சோவியத் கமராவில் தட்டையான நாக்குப்போல முடியும். ஸோர்க்கி என்று தெரிந்து ஸோர்க்கியின் விலைக்கு வாங்கினால் அதில் ஒரு குறையும் இல்லை, நல்ல வேலைக்காரக் கமரா. பிலிமைச் சுற்றி முடித்த பிறகுதான் செக்கனை மாற்ற வேண்டும், அதை மட்டும் மறக்கக்கூடாது. இந்த வகைக் கமராக்களின் செட்டர் துணியால் ஆனது. லென்ஸ் மூடி இல்லாமல் வெயிலைப் பார்க்க வைத்தால் சூரியன் துணியில் ஊசித்துவாரம் சுட்டுவிடும். உச்சி வெயிலில் கடற்கரையில் நிற்கிற எங்களுக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல.

கடலென்று வந்துவிட்டதால் இன்னொரு கமராவைச் சொல்லாமல் போக முடியாது. ஆதர் சி. கிளார்க் 1956இல் இலங்கையில் குடியேறினார். அதே ஆண்டு அவரும் மைக் வில்சனும் திருமலை சுவாமிமலை அடியில் சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கடலடியில் படம் எடுத்தார்கள். சுயம்பு லிங்கத்தை மேலே கொண்டுவந்தவரும் வில்சன்தான். 1957இல் வெளிவந்த கிளார்க்கின் 'த றீஃப்ஸ் ஒஃப் தப்ரொபேன்' நூலில் இந்தக் கடலின் படங்கள் இருக்கின்றன. வில்சன் பிறகு 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற படத்தை இயக்கினார். முதல் முழுநீளச் சிங்கள வர்ணப் படம், அதன் கடலடிக் காட்சிகள் திருமலையில் பிடித்தவை.

அந்தக் காலத்தில் கமராவைப் பாரமான உலோகப் பெட்டிக்குள் அடைத்துத்தான் தண்ணீருக்குள் கொண்டுபோக வேண்டும். பெல்ஜியக்காரரான ஜோன் த வூட்டர்ஸ் பிரெஞ்சுச் சுழியோடி குஸ்ரோவுக்காகச் செய்த சிறு கமரா அந்த நிலையை மாற்றியது. பெட்டியே தேவையில்லை, கமராவே தண்ணீர் புகாதது. நிக்கோன் அதை வாங்கி 1963இல் நிக்கோனோஸ் என்ற பெயரில் விற்றது. முதல் மூன்று வகைகளுக்கும் பற்றரி வேண்டாம். அதன் 35 மி.மீ. லென்ஸ் தண்ணீருக்குள்ளும் வெளியிலும் ஒன்றுபோல வேலை செய்யும். திருமலையில் இருந்து மூதூருக்கு லோஞ்சில் வந்தவர்களுக்கு முன்தட்டில் இருந்தால் உப்புத்தண்ணீர் எப்படித் தெறிக்கும் என்று தெரியும். ஒரு துளி சாதாரண லென்ஸின் வளையத்துக்குள் போனால் சில வாரத்தில் அது துருவாகி இறுகும். நிக்கோனோஸை வீட்டுக்கு வந்ததும் பைப்புத் தண்ணீரில் கழுவி வைத்துவிடலாம். என்னைக் கேட்டால், கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய கமரா இல்லை. ஆனால் வாங்கியதும் அதன் இறப்பர் வளையங்கள் அத்தனையையும் மாற்றி, சிலிக்கோன் கிறீஸ் பூச வேண்டும். பழைய வளையத்தோடு தண்ணீரில் இறக்கினால் அன்றைக்கே முடிந்துவிடும். தூரத்தைக் கண்மதிப்பில் வைக்க வேண்டும் என்பது ஒரு கஷ்டம். எஃப் 11இல் வைத்தால் அந்தக் கஷ்டமும் பெரிதாகத் தெரியாது.

பிலிம்தான் இன்று கையைக் கடிக்கிறது. 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. ஒரு றோலின் விலையும் அதோடு ஏறியது, அப்படி ஏறியது இறங்கவில்லை. 36 படத்தையும் எண்ணி எடுக்கிற நிலை. அதனால் காலாவதியான பிலிமை மலிவாக வாங்கலாமா என்று கேட்கிறார்கள். குளிர்நாட்டில் பிரிஜ்ஜுக்குள் இருந்த பிலிம் என்றால் பத்து வருடத்துக்கு ஒரு படி வெளிச்சம் கூட்டிக் கொடுத்துச் சமாளிக்கலாம். எங்கள் கடை அலுமாரியில் பத்து வருடம் வெந்த பிலிமுக்கு அந்தக் கணக்கு ஓடாது. கறுப்பு வெள்ளைப் பிலிம் வாங்கி வீட்டிலேயே கழுவுவதுதான் கட்டுபடியாகும்.

கழுவுவதில் எங்கள் எதிரி சூடு. இல்போர்ட் எச்பி5 பிளஸை டி-76 கரைசலில் 20 பாகையில் ஏழரை நிமிடம் கழுவச் சொல்கிறார்கள். மூதூர்க் கிணற்றுத் தண்ணீர் மத்தியானத்தில் 30ஐத் தொடும். அந்தச் சூட்டில் நேரம் மூன்று நிமிடமளவுக்குச் சுருங்கும், படம் திட்டுத்திட்டாக வரும், பிலிமின் ஜெலற்றினும் இளகிக் கீறுப்படும். நான் செய்வது இதுதான்: மீன்வாடியில் ஒரு துண்டு ஐஸ் வாங்கி, பேசினில் தண்ணீரோடு போட்டு, கரைசல் போத்தல்களை அதற்குள் நிறுத்துவேன். ஐஸ் கரைசலுக்குள் விழக்கூடாது. 24 பாகைக்கு இறங்கினால் போதும், நேரம் ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும். குளிரில் இருந்து சூட்டுக்குத் திடீரென்று போனால் ஜெலற்றின் சுருங்கி, படம் முழுக்க வலைபோல் வெடிக்கும்.

உப்பைத் திட்டியே எழுதிவந்தேன், அதன் நன்மை ஒன்றையும் சொல்ல வேண்டும். கழுவிய பிலிமில், படத்தை நிலைநிறுத்தப் பாவிக்கும் ஹைப்போ மிஞ்சினால் படம் வருடங்களில் பழுப்பாகும். நன்னீரில் அதைப் போக்க நீண்ட நேரம் ஓடவிட வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல்களில் நன்னீர் தட்டுப்பாட்டால் கடல்நீரில் கழுவிய படங்கள், நன்னீரில் கழுவியவற்றைவிடச் சுத்தமாக இருந்ததைக் கண்டார்கள். உப்பு ஹைப்போவைத் தள்ளி வெளியேற்றுகிறது. இன்று கடையில் விற்கும் ஹைப்போ நீக்கிகள் அந்தக் கண்டுபிடிப்பில் இருந்து பிறந்தவை. மாதக்கணக்கில் நன்னீர் குறைந்திருக்கும் கோடையில் நீங்களும் செய்யலாம். சீலையில் வடித்த தெளிந்த கடல்நீரில் சில நிமிடம், பிறகு கட்டாயம் நன்னீரில் ஐந்து நிமிடம். கடைசி அலசலுக்கு மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் சுண்ணாம்புக் கறை விழாது.

இவ்வளவு பாடுபட்டு எதற்குப் பிலிம் என்று கேட்பவர்களுக்கு மூதூரில் இருந்தே ஒரு காரணம் சொல்வேன். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. 2006 ஆகஸ்டில் யுத்தத்தால் ஊரே எழும்பிக் கந்தளாய்க்கு ஓடியது. அல்பங்கள் போயின. காக்காவின் நெகட்டிவ்களும் போயின. "ஊட்டோட போயிட்டு" என்று மட்டும் சொன்னார். ஆனால் போன மாதிரித் தெரிகிற எல்லாம் போய்விடுவதில்லை. 2011இல் யப்பானில் சுனாமி அடித்த பிறகு புஜிபிலிம் நிறுவனம் தன்னார்வத் தொண்டர்களோடு சேர்ந்து, சேற்றில் இருந்து எடுத்த குடும்பப் படங்களைக் கழுவி உலர்த்தி உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தது. ஜெலற்றினில் பதிந்த வெள்ளி தண்ணீரில் கரையாது. அதை அழிப்பது தண்ணீருக்குப் பின்னால் வரும் பக்டீரியாவும், அவசரப்பட்டுப் பிய்க்கிற கையும்தான்.

உங்கள் வீட்டிலும் வெள்ளத்தில் நனைந்து ஒட்டிப்போன நெகட்டிவ் சுருள் ஏதாவது தகரப்பெட்டிக்குள் இருந்தால் எறியாதீர்கள், இழுத்துப் பிரிக்கவும் வேண்டாம். சுத்தமான தண்ணீரை வாயகன்ற பாத்திரத்தில் எடுத்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தில் ஒரு சொட்டு விட்டு, அதற்குள் முழுதாக அமிழ்த்தி விடுங்கள். தானாக இளகும்வரை தண்ணீரை மாற்றி மாற்றிக் காத்திருங்கள். பிரிந்ததும் ஓரத்தைப் பிடித்து அலசி, தூசு படாத அறையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்; வெயிலில் காயவிட வேண்டாம். பிறேமின் கண்ணாடியோடு ஒட்டிய அச்சுப் படம் என்றால் முதலில் கண்ணாடியோடு சேர்த்தே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகுதான் தண்ணீர். இன்க்ஜெற்றில் அச்சடித்த படத்தைத் தண்ணீரில் போடவே கூடாது, அதன் மை கரைந்துவிடும். ஒரு நெகட்டிவாவது தேறினால் நாட்டில் பிலிம் ஸ்கேனர் வைத்திருக்கும் லாப் எதிலும் கொடுத்து அச்செடுக்கலாம். அச்செடுத்தபின் நெகட்டிவைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள்.

(தொடரும்)